மெட்டிக் காலுக்கு ஒரு பனிச்சறுக்கு பூட்ஸ்

புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு பனிச்சறுக்கு மலையேற்றப் போட்டிக்கான பூட்ஸுக்கு மதிப்புரை எழுதுவது, கடலூர் துறைமுகத்தில் நின்றுகொண்டு ஒட்டகச் சேணத்துக்கு விலை பேசுவதைப் போலத் தோன்றலாம். ஆனால் இந்த ஊரில் தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது பிரான்சுக்குப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தே மூன்று பேர் இந்த விளையாட்டில் இறங்கி, மூவரும் முதல் ஆண்டிலேயே தவறான பூட்ஸை வாங்கிக் கால்விரல் நகத்தைப் பறிகொடுத்தார்கள். அந்த மூவரில் நானும் ஒருத்தி. நான்காவதாக ஒருவர் நகத்தை இழக்காமல் இருக்கட்டும் என்றுதான், நான் இரண்டாவதாக வாங்கிய ஜோடியைப் பற்றியும், அதைப் பொருத்திக் கொடுத்த கிரெனோபிள் கடையைப் பற்றியும் விரிவாக எழுதுகிறேன்.

விளையாட்டை அறியாதவர்களுக்காக இரண்டு வரி. ஸ்கி எனப்படும் நீண்ட சறுக்குப் பலகையின் அடியில் ஸ்கின் எனப்படும் மயிர்ப்பட்டையை ஒட்டிக்கொண்டு மலையில் ஏறவேண்டும். செங்குத்தான இடம் வந்தால் ஸ்கியைக் கழற்றி முதுகில் மாட்டிக்கொண்டு ஓடவேண்டும். உச்சியை அடைந்ததும் ஸ்கின்னை உரித்து, பூட்ஸைப் பூட்டிக்கொண்டு சறுக்கி இறங்கவேண்டும். 2026 பிப்ரவரியில் மிலான்–கோர்டினா குளிர்கால ஒலிம்பிக்கில், போர்மியோ நகரில், இது முதன்முறையாக ஒலிம்பிக் விளையாட்டாக நடந்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பிரெஞ்சு ஆல்ப்ஸில் 1986 முதல் நடக்கும் பியெரா மெந்தா போட்டியும், ட்செர்மாட்டிலிருந்து வெர்பியே வரை சுவிஸ் இராணுவம் நடத்தும் பனியாற்றுப் போட்டியும் மலைக்காரர்கள் மத்தியில் பெயர் பெற்றவை. நான் ஓடுவது அந்த வரிசையில் இல்லை. ஊர்க்காரர்கள் மாலையில் கூடித் தலைவிளக்கோடு ஒரு மலைச்சரிவில் ஏறும் சிறு போட்டிகளில், பின்னாலிருந்து எண்ணினால் சீக்கிரமாகக் கிடைத்துவிடும் இடம் என்னுடையது.

தம்பி கிரெனோபிளில் வேலை பார்க்கிறான். நான் வீட்டிலிருந்து செய்யக்கூடிய மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பதால், பொங்கல் முடிந்ததும் அங்கே போய் மார்ச் கடைசி வரை தங்குவது ஐந்து ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. எங்கள் தாத்தா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் பெற்றவர். அவருக்குக் கொடுக்கப்பட்ட இராணுவ பூட்ஸ் எப்போதும் ஓர் அளவு பெரிதாகவே இருந்ததாகவும், முன்னால் காகிதத்தை அடைத்துக்கொண்டு நடந்ததாகவும் சொல்வார். "பெரிய பூட்ஸுக்குக் காகிதம் வைக்கலாம், சின்ன பூட்ஸுக்குக் காலையா வெட்ட முடியும்?" என்பது அவர் அடிக்கடி சொன்ன வாசகம். எங்கள் வீட்டில் செருப்பு வாங்கும்போதெல்லாம் இது வேதவாக்கு. என் முதல் ஜோடி பூட்ஸைக் கெடுத்ததும் இதே வாசகம்தான்.

அந்த முதல் ஜோடியை இணையத்தில் வாங்கினேன். விற்றவர் யார் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. தவறில் முக்கால் பங்கு என்னுடையது. கடற்கரைச் சாலையில் காலையில் ஓடுவதற்கு நான் அணியும் காலணி ஐரோப்பிய அளவில் 40. அளவு மாற்றும் அட்டவணையைப் பார்த்தேன். 40 என்றால் 25.5 என்று போட்டிருந்தது, அதையே வரவழைத்துவிட்டேன். பனிச்சறுக்கு பூட்ஸின் அளவு மொண்டோபாயிண்ட் என்ற முறையில், பாதத்தின் நீளத்தை நேரடியாகச் சென்டிமீட்டரில் சொல்வது. ஓட்டக் காலணியை நாமெல்லாம் கட்டைவிரல் முனைக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் விட்டு வாங்குகிறோம் என்பதால், அந்த அளவிலிருந்து அட்டவணை வழியாக மாற்றினால், அந்த விரற்கடையும் சேர்ந்தே வந்துவிடும். என் பாதம் உண்மையில் இடது 24.4, வலது 24.1. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பெரிய பூட்ஸுக்குள் என் கால் உலா வந்துகொண்டிருந்தது.

பெரிய பூட்ஸில் விரல் நசுங்காது என்று நினைப்பவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். ஏறும்போது ஒவ்வோர் அடிக்கும் குதிகால் உள்ளே ஒரு சென்டிமீட்டர் எழும்பி இறங்கியது. நானூறு மீட்டர் உயரம் ஏறுவதற்குள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். இறங்கும்போது பாதம் முழுவதும் முன்னால் வழுக்கிக்கொண்டு போய், கட்டைவிரல் நகம் ஓடு எனப்படும் கெட்டியான வெளிக்கூட்டின் முன்சுவரில் மோதிக்கொண்டே இருந்தது. அதைத் தடுக்கப் பக்கிளை இறுக்கினால், புறங்கால் மரத்துப்போனது. நீளத்தில் இவ்வளவு தாராளமான பூட்ஸ், விரல்கள் பரவும் இடத்திலோ கால்களைக் கவ்விப் பிடித்தது. மூன்றாம் வாரத்தில் வலது கட்டைவிரல் நகம் கறுத்தது. பிப்ரவரிக் கடைசியில் கழன்றது. பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்று பதில் வந்தது, அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அளவு பற்றி வாங்குவதற்கு முன் நான் எழுதிக் கேட்ட கேள்விக்கு, அட்டவணையைப் பாருங்கள் என்ற ஒற்றை வரிதான் வந்தது என்பதை மட்டும் இன்னும் மறக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு தம்பி ஒரு கடைக்கு அழைத்துப்போனான். தள்ளுவண்டிக்காரர் ஒருவர் கடை போடும் அளவுக்குத்தான் வாசல். உள்ளே நீளமாகப் போகிறது. பின்பக்கம் ஒரு பட்டறை. பொருத்துபவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், தானும் ஓடியவர். முன்பதிவு இல்லாமல் பூட்ஸைத் தொடவிட மாட்டார். எங்களுக்கு ஒதுக்கப்பட்டது இரண்டு மணி நேரம். அதில் முதல் நாற்பது நிமிடம் எந்த பூட்ஸும் கண்ணில் படவில்லை.

வெறுங்காலோடு ஒரு மரப்பலகையில் நிற்கச் சொன்னார். உட்கார்ந்த நிலையில் ஒரு முறை, எடை முழுவதும் ஒரே காலில் விழும்படி நிற்கவைத்து ஒரு முறை என்று இருமுறை அளந்தார். நின்றபோது என் இடது பாதம் ஐந்து மில்லிமீட்டர் நீண்டது. பிறகு விரல்கள் தொடங்கும் இடத்தில் அகலம், புறங்காலின் உயரம், குதிகாலிலிருந்து புறங்கால் மேடுவரை நாடாவால் சுற்றளவு, கெண்டைக்காலின் பருமன். ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே தாளில் எழுதினார். அகலம் 101 மில்லிமீட்டர் என்றதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்து, "மதாம், நீங்கள் சிறுவயதில் மூடிய காலணியே போட்டதில்லையா?" என்று கேட்டார். பள்ளிக்கூடம் வரை ரப்பர்ச் செருப்பு, வீட்டில் வெறுங்கால் என்றேன். விரல்கள் விசிறிபோலப் பரவி, கட்டைவிரல் தனியாக விலகி, குதிகால் மட்டும் ஒடுங்கி இருக்கும் என் பாதம் அவருக்கு அபூர்வம் அல்ல. ஆனால் போட்டி பூட்ஸ்களின் அச்சு அதற்கு எதிர்த்திசையில் செய்யப்படுகிறது. அந்த இடத்தில் அவற்றின் அகலம் பெரும்பாலும் 99 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். அதுவும் நடுத்தர அளவு பூட்ஸுக்குச் சொல்லப்படும் கணக்கு. அளவு சிறிதாகச் சிறிதாக அகலமும் கூடவே குறைந்துகொண்டு போகும் என்பதைப் பெட்டியின்மேல் யாரும் அச்சடிப்பதில்லை.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. குதிகால் தரையைவிட்டு எழாமல் குந்தி உட்காரச் சொன்னார். இதில் என்ன இருக்கிறது என்று, கொல்லையில் பாத்திரம் தேய்க்க உட்காருவதைப் போல உட்கார்ந்தேன். பட்டறையிலிருந்து உதவியாளரை அழைத்து அதைக் காட்டினார். அங்கே வருபவர்களில் பலருக்குக் குதிகாலைத் தூக்காமல் அப்படி உட்கார வராதாம். கணுக்கால் முன்பக்கம் எவ்வளவு மடிகிறது என்பதுதான் ஏற்றத்தில் அடியின் நீளத்தையும், இறக்கத்தில் பூட்ஸின் முன்சாய்வைக் கால் தாங்குவதையும் தீர்மானிக்கிறது. கணுக்கால் மடியாதவருக்கு, முன்சாய்வு மிகுந்த பூட்ஸைப் பூட்டியவுடன் குதிகால் தானாகவே மேலே எழும்பிவிடும். தரையில் உட்கார்ந்து வளர்ந்தது இப்படி ஒரு நாள் உதவும் என்று எதிர்பார்க்கவில்லை.

பிறகு மெட்டி. என் இடது காலின் இரண்டாம் விரலில் இருந்த தழும்பைத் தொட்டு, இது எங்கிருந்து வந்தது என்றார். முதல் ஜோடி பூட்ஸில், உள்ளுறைக்கும் விரலுக்கும் நடுவில் மெட்டி மாட்டிக்கொண்டு அறுத்த இடம் அது. கழற்றிவிட்டு வரவேண்டும் என்பது அவருக்குக் கேள்வியே இல்லை. எனக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை. அன்று மாலை மாமியாரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னபோது, "ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்குக் கழட்டலையா, அதுபோலத்தானே" என்று அவர் முடித்துவிட்டார். இப்போது ஸ்கி நாள்களில் மெட்டி என் முதுகுப்பையின் சிறு பையில், விசிலுக்குப் பக்கத்தில் பயணம் செய்கிறது.

பூட்ஸ் வந்தபோது உள்ளுறையை உருவி எறிந்துவிட்டு, வெறும் ஓட்டுக்குள் காலை விடச் சொன்னார். இதுதான் முழுப் பரிசோதனையின் உயிர்நாடி. யாரும் வீட்டிலேயே செய்துபார்க்கலாம். விரல் நுனி ஓட்டின் முன்சுவரை லேசாகத் தொடும்வரை பாதத்தை முன்னால் தள்ளிவிட்டு, குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்க்கவேண்டும். அவரிடம் வெவ்வேறு பருமனில் மரக்குச்சிகள் இருந்தன. ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். பதினைந்து மில்லிமீட்டர்வரை இருந்தால் நாள்முழுவதும் மலையில் சுற்றுகிறவர்களுக்குச் சரி; போட்டிக்காரர்கள் பத்துக்குக் கீழே போவார்கள்; வெறிபிடித்தவர்கள் ஐந்துவரைகூடப் போவார்கள். எனக்கு ஒன்பதில் நிறுத்தினார். அரை அளவுகளில் பெரும்பாலும் ஓடு ஒன்றே, உள்ளுறை மட்டுமே மாறும் என்பதையும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஒரு தயாரிப்பில் 24-ம் 24.5-ம் ஒரே ஓட்டில் வருகின்றன, இன்னொன்றில் 24.5-ம் 25-ம் ஒன்றாக வருகின்றன. ஆகவே பெட்டியின்மேல் இருக்கும் எண்ணைவிட, ஓடு எந்த எண்ணில் மாறுகிறது என்று கேட்பதே முக்கியம்.

அலமாரியின் மேல்தட்டில் முழுக் கார்பனால் ஆன ஒரு ஜோடி இருந்தது. கையில் எடுத்தால் காலியான டிபன் பாக்ஸ்போல இருந்தது. கிரெனோபிள் பக்கத்து மலைக்காரரான பியேர் ஜிஞு, கார்பன் பூட்ஸை இந்த விளையாட்டுக்குள் கொண்டுவந்து எல்லாருடைய எடைக் கணக்கையும் மாற்றியவர். அந்த வழியில் வந்த பூட்ஸ்களைப் பார்த்தாலே கை துறுதுறுக்கும். போட்டி விதிகளில் குறைந்தபட்ச எடை என்று ஒன்றை வைக்கவேண்டிய நிலைக்கு இந்தக் குறைப்பு போய்விட்டது: பெண்களின் பூட்ஸ் ஒன்று 450 கிராமுக்கும், ஆண்களுடையது 500 கிராமுக்கும் குறையக்கூடாது. எனக்கு அதுவே வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன். அவர் விற்க மறுத்தார். விலை ஆயிரம் யூரோவைத் தாண்டும் ஒரு பொருளை விற்க மறுக்கும் கடைக்காரரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

காரணம் எளிமையானது. கார்பனைச் சூடாக்கி விரிக்க முடியாது. கிரிலமிட், பெபாக்ஸ் போன்ற பிளாஸ்டிக் ஓடு சூட்டில் இளகும். உள்ளிருந்து அழுத்தி ஒரு குறிப்பிட்ட இடத்தை மட்டும் புடைக்கச் செய்து, அப்படியே ஆறவிட்டால் அந்த வடிவத்தில் நின்றுவிடும். என்னைப் போல் 101 மில்லிமீட்டர் அகலத்தை 99-க்குள் நுழைக்க வேண்டியவருக்கு, கீழ்ப்பாகம் பிளாஸ்டிக்காக இருந்தே தீரவேண்டும். கணுக்காலுக்கு மேலே இருக்கும் பாகம் கார்பனாக இருந்தால் தொந்தரவில்லை. நான் வாங்கியது அப்படிப்பட்ட கலப்பு. 24.5 அளவில் ஒன்றின் எடை 690 கிராம். அதன் பெயரை வேண்டுமென்றே இங்கே சொல்லவில்லை. சொன்னால் அதையே வாங்கிவிடுவீர்கள். என் காலுக்கு அது பொருந்தியதற்குக் காரணம் அந்த பூட்ஸ் அல்ல, அதற்குப் பிறகு பட்டறையில் நடந்த வேலை.

அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்கவிட்டார். பாதத்தில் சுண்டுவிரல் எலும்பு முட்டும் இடத்திலும், உட்பக்கக் கணுவுக்குக் கீழே துருத்தும் எலும்பின்மீதும் உதட்டுச்சாயத்தால் பொட்டு வைத்தார். மெல்லிய உறையோடு காலை ஓட்டுக்குள் விட்டு எடுத்தபோது, உள்சுவரில் சிவப்புப் பொட்டு பதிந்திருந்தது. அந்த இடத்தை வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் சுட்டு, உள்ளே ஓர் உலோகக் குமிழையும் வெளியே ஒரு வளையத்தையும் வைத்துத் திருகு அழுத்தியால் நெருக்கினார். சட்டென்று திருகவில்லை, கால் சுற்று, ஒரு நிமிடம், மறுபடி கால் சுற்று. இரவு முழுவதும் அதை அழுத்தியிலேயே விட்டுவிட்டு மறுநாள் வரச் சொன்னார். உள்ளுறையைச் சிறு அடுப்பில் சூடாக்கி, விரல்களின்மேல் ஒரு பஞ்சுத் தொப்பியை மாட்டி, அந்தச் சூட்டோடு காலை விட்டு, பக்கிளைப் போட்டு, பத்து நிமிடம் அசையாமல் நிற்கவைத்தது இரண்டாம் நாள். தொப்பியை எடுத்த பிறகு விரல்களுக்கு முன்னால் அதே பருமனுக்கு இடம் கிடைத்திருந்தது.

பூட்ஸுக்கு 590 யூரோ, இந்த வேலைகளுக்கு 60 யூரோ.

மலையில் அதன் நடத்தையைப் பற்றி. ஏறும் நிலையில் கணுக்கால் முன்னும் பின்னும் தாராளமாக ஆடுகிறது. ஓடும் காலணியைப் போல என்று விளம்பரத்தில் எழுதுவார்கள், அது பொய், ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் கெண்டைக்கால் இழுக்கவில்லை. பின்னால் இருக்கும் ஒற்றை நெம்புகோலைக் கீழே அடித்தால் மேல்பக்கிள் இறுகுவதும் கணுக்கால் பூட்டிக்கொள்வதும் ஒரே அசைவில் நடந்துவிடுகின்றன. போட்டியில் நேரம் போவது இங்கேதான். முதல் பருவத்தில், ஸ்கின்னை உரித்துச் சட்டைக்குள் திணித்து, பூட்ஸைப் பூட்டி, பூட்ஸை ஸ்கியோடு கவ்வும் பைண்டிங்கைத் திருப்பி, கிளம்புவதற்கு எனக்கு ஒரு நிமிடம் நாற்பது வினாடி ஆனது. இப்போது ஐம்பது வினாடி. கடையில் நெம்புகோலை வெறுங்கையால் பத்து முறை இயக்கிப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். கையுறையோடு, குனிந்த நிலையில், ஒரு காலில் நின்றுகொண்டு இயக்கிப் பாருங்கள்.

குறைகளும் இருக்கின்றன. உள்ளுறை மிக மெல்லியது. தொடக்கக் கோட்டில் நின்று காத்திருக்கும் பத்து நிமிடத்தில் விரல்கள் விறைத்துவிடுகின்றன. புறங்காலை இறுக்கும் மெல்லிய கம்பி இரண்டாம் பருவத்தில் நார்நாராகப் பிரியத் தொடங்கியது. பாறையில் நடந்தால் முன்பக்கத்து ரப்பர் பென்சில் அழிப்பான்போல் தேய்கிறது. முதுகில் ஸ்கியோடு நடக்கும் பகுதியில், பனி உருகிய ஈரம் நாக்கின் வழியே உள்ளே இறங்குகிறது. இவற்றில் எதுவும் கொப்புளத்தை உண்டாக்கவில்லை என்பதால், நான் பெரிதாகக் குறைசொல்லவில்லை.

பூட்ஸை வாங்கும்போதே பைண்டிங்கையும் நினைக்கவேண்டும் என்பது நான் தாமதமாகக் கற்ற பாடம். முன்பக்கம் இரண்டு ஊசி, பின்பக்கம் இரண்டு ஊசி என்று பூட்ஸைக் கவ்வும் இந்த ஏற்பாட்டை ஆஸ்திரியாவின் பிரிட்ஸ் பார்த்தெல் 1980-களில் உருவாக்கினார். இன்றைய போட்டிப் பைண்டிங்குகள் எல்லாம் அதன் பிள்ளைகள். எடையைக் குறைப்பதற்காக, இவற்றின் பின்துண்டை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதியைப் பலவற்றில் எடுத்துவிடுகிறார்கள். ஆகவே ஸ்கியில் துளை போடுவது ஒரு குறிப்பிட்ட பூட்ஸின் அடிநீளத்துக்காகவே. அந்த அடிநீளம் மில்லிமீட்டரில் குதிகால் பக்கம் அச்சடிக்கப்பட்டிருக்கும். அதற்கும் உங்கள் கால் அளவுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது, ஒரே 24.5 அளவில் இரண்டு தயாரிப்புகளின் அடிநீளம் மாறும். இலையுதிர் காலத்தில் கிரெனோபிளில் நடக்கும் பழைய ஸ்கிச் சந்தையில் மலிவாகக் கிடைத்ததென்று நான் வாங்கிவைத்திருந்த ஸ்கியில், முந்தைய சொந்தக்காரரின் பூட்ஸுக்கான துளைகள் இருந்தன. புதிய துளை பழைய துளையோடு ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் கடைக்காரர் துளைக்க மறுத்து, நகர்த்தக்கூடிய தகடு ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். இரண்டு ஸ்கிக்கும் சேர்த்து எண்பது கிராம் கூடியது. ஸ்கியின் நீளம் பெண்களுக்கு 150 சென்டிமீட்டருக்கும், ஆண்களுக்கு 160-க்கும் குறையக்கூடாது என்பது விதி. பழையதை வாங்குகிறவர்கள் அதையும் ஒரு முறை அளந்துவிடுவது நல்லது.

பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் 457 கிலோஹெர்ட்ஸ் கருவி, மண்வாரி, குத்துக்கோல், தலைக்கவசம் ஆகியவற்றில் எடையைச் சிக்கனம் பண்ண நினைக்காதீர்கள். தேடும் கருவியைப் பழையதாக வாங்கவே வேண்டாம்.

இனி நம் ஊர்ப் பக்கம். ஏப்ரலில் பூட்ஸைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தேன், ஏனென்றால் வலது காலில் ஒரு குறை பாக்கியிருந்தது: நீண்ட இறக்கத்தில் உள்வளைவு எரியும். கிரெனோபிள்காரர், வலது பாதம் உள்பக்கமாகச் சாய்கிறது, அடித்தட்டில் ஆதரவு தேவை, ஆனால் எவ்வளவு என்பதைப் பொறுத்திருந்து பார்ப்போம் என்று சொல்லியிருந்தார். பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைக்கிறவரிடம் அடித்தட்டையும் பூட்ஸையும் கொண்டுபோனேன். "என்னம்மா இது, ரோபோ காலா?" என்று ஓட்டைத் தட்டிப்பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும், பூட்ஸை ஓரமாக வைத்துவிட்டு, நான் போட்டிருந்த செருப்பைக் கழற்றச் சொல்லித் திருப்பிப் பார்த்தார். வலது செருப்பின் உள்விளிம்பு தேய்ந்திருந்ததில் விரலை வைத்து, "இந்தப் பக்கம் மடங்குது, இங்க தூக்கணும்" என்றார். மீட்டர் அளவு, பலகை, நாடா எதுவும் இல்லாமல் அதே முடிவுக்கு வர அவருக்கு அரை நிமிடம் ஆனது. தோல் துண்டைச் சாய்வாகச் சீவி, விளிம்பு விரல்நுனிக்குத் தட்டாத அளவுக்கு மெல்லியதாக்கி, இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்டிக் கொடுத்தார். 120 ரூபாய். அடுத்த ஜனவரியில் அந்தத் தோல் ஆப்பைக் கிரெனோபிள்காரர் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

ஊரில் பூட்ஸைப் பழக்கப்படுத்த முயன்று நான் ஏமாந்ததையும் சொல்லவேண்டும். மே மாதத்தில் மொட்டைமாடியில் அரைமணி நேரம் போட்டு நடந்தபோது பூட்ஸ் இறுக்கமாகவும் இருந்தது, அதே நேரத்தில் தொளதொளவென்றும் இருந்தது. வெப்பத்தில் பாதம் வீங்குகிறது, உள்ளுறையின் நுரையும் பிளாஸ்டிக்கும் இளகுகின்றன. அங்கே கிடைக்கும் முடிவு மலையில் செல்லாது. போட்டுப் பார்த்தே தீரவேண்டும் என்றால், குளிர்சாதன அறையில் இரவில் பாருங்கள். ஏற்றப் பயிற்சிக்குச் செஞ்சிக்கோட்டையின் ராஜகிரி படிகளே போதும். அதற்குச் சாதாரண ஓட்டக் காலணியில்தான் போகவேண்டும், கருங்கல் படியில் இந்த ரப்பர் ஒரு மாதம்கூட தாங்காது.

சேமிப்பைப் பொறுத்தவரை கடற்கரை ஊர் கொடுமையானது. ஸ்கியின் இரும்பு விளிம்பு உப்புக்காற்றில் இரண்டு வாரத்தில் துரு பூக்கிறது. தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயைத் துணியால் தேய்த்து, பழைய வேட்டியில் சுற்றி வைக்கிறேன். உள்ளுறையை ஓட்டிலிருந்து உருவித் தனியாக வைக்காவிட்டால், ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும். ஸ்கின்னின் பசைதான் பெரிய தலைவலி. அங்கோரா ஆட்டு மயிரில் நெய்த பட்டையின் பின்புறம் பூசியிருக்கும் அந்தப் பசை, நம் வெயிலில் இளகிப் பாகாகிவிடும். பிறகு ஸ்கியை விட்டு உரித்தால் பசை ஸ்கியோடு தங்கிவிடும். முதல் கோடையில் ஒரு ஜோடி அப்படிப் போனது. இப்போது நன்றாக உலர்த்தி, வலைத்துணியில் மடித்து, காற்றுப்புகாத பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில், இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மாமியார் அதை முதலில் பார்த்தபோது மீன் என்று நினைத்துவிட்டார்.

மூன்று பருவம் முடிந்த நிலையில் கணக்கு இப்படி இருக்கிறது. பத்துக்கும் மேற்பட்ட மாலைப் போட்டிகள், ஷாம்ரூஸ் சரிவில் எண்ணிக்கையில்லாத பயிற்சிகள், நகம் ஒன்றும் போகவில்லை, கொப்புளம் ஒன்றே ஒன்று; அதுவும் ஈரமான காலுறையால். பிரிந்துபோன கம்பிக்கு மாற்றுக் கம்பியைத் தம்பி டிசம்பரில் கொண்டுவருகிறான். இடது சுண்டுவிரல் பக்கம் இன்னும் ஒரு மில்லிமீட்டர் விரிக்கவேண்டும் என்று தோன்றுகிறது. வாங்கிய பூட்ஸ் இருக்கும்வரை ஓட்டை விரிக்கும் வேலைக்குக் காசில்லை என்று கடைக்காரர் ரசீதின் பின்பக்கம் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த ரசீதை ஸ்கின் பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.